மந்திரி வாயசைத்தார், நப்போசா பேசினாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. சண்டை என் வீட்டுக்கு எதிரே, லுட்டாயாவின் சப்பாத்திக் கடையில் நடந்தது. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யார் முகமும் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை; எனக்குக் கதைகள் காது வழியாகத்தான் வருகின்றன.

“இடிக்கப் போறோம்னுதான் மாமா மந்திரி சொன்னாரு.”

“கூரைக்குத் தகரம் போட்டுத் தரோம்னு சொன்னாரு.”

“நான் என் காதால கேட்டேன்.”

“நான் என்ன மூக்காலயா கேட்டேன்?”

“நீங்க நப்போசாக்கா சொன்னதக் கேட்டீங்க. நான் மந்திரி சொன்னதக் கேட்டேன்.”

“மந்திரி சொன்னதத்தானே நப்போசா சொன்னா?”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு கதை இருக்கிறது என்று தோன்றியது. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

[வெங்காயத்தை முழுக்க உரித்து, குழம்பு வைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் சேர்த்துச் சொல்வது இந்தத் தொழிலில் உள்ளது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுவே வழக்காகப் போகிறது.]

2

முதல் வரி சரியாக அமையவில்லை. வந்தவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

*கம்பாலா நகரம் ஏழு குன்றுகளின் மீது* —

[யார் கேட்டார்கள்? குன்றுகள் இந்தக் கதையில் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை.]

*நாட்டின் பொருளாதார வளர்ச்சியில் படைப்புத் தொழில்களின் பங்களிப்பு அண்மைக் காலமாகக் குறிப்பிடத்தக்க* —

[இது மந்திரியுடைய உரையின் முதல் வரி. சளி மாதிரி எனக்கும் தொற்றிக்கொண்டது.]

*நப்போசா பேரழகி* —

[இதை எழுதச் சொன்னவள் நப்போசா.]

சரி, நேராகவே ஆரம்பிக்கிறேன். கம்பாலாவின் ஒரு பகுதியான எங்கள் ந்தேபாவில் மரப் பட்டறைகளுக்குப் பின்னால், லுட்டாயாவின் கடையை ஒட்டி, வரிசையாக வீடியோ கொட்டகைகள் இருக்கின்றன. பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே பெஞ்சுகள், முன்னால் ஒரு திரை. மூன்றாவது கொட்டகை ப்ரோஸ்கோவியா நப்போசாவுடையது. மழை பெய்தால் அதற்குள்ளும் பெய்யும். அவள் அங்கே வீஜே.

வெளிநாட்டுப் படம் அதன் மொழியில் ஓடிக்கொண்டிருக்கும். வீஜே மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று அதை எங்கள் ஊர் மொழியான லுகாண்டாவில் சொல்லிக்கொண்டே போவார். இதை மொழிபெயர்ப்பு என்று யாராவது சொன்னால் நப்போசாவுக்குக் கோபம் வரும். திரையில் துப்பாக்கியோடு ஒருவன் பேசாமல் மழையில் நடந்து வருகிறான் என்று வையுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு அங்கே வேலையில்லை. நப்போசாவுக்கு அங்கேதான் வேலை.

“பாருங்க, பாருங்க! ஏன் இவ்ளோ கோவம்? காலையிலேருந்து பட்டினி. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு மசாக்காவுக்குப் பஸ் ஏறிட்டா. கதவத் தட்டறான். உள்ள யாரு? கோட்டு போட்டவன் யாரு? ஐயையோ, தண்ணி பில்லுக்காரன்! விடாதேப்பா, போன மாசம் நமக்கும் கூடப் போட்டான்!”

கோட்டு போட்டவன் படத்தில் கடத்தல்காரன். ந்தேபாவில் அவன் தண்ணீர் பில்லுக்காரன். கொட்டகை விசிலில் அதிரும். திரையில் முத்தம் வந்தால், “இதுக்கெல்லாம் பொண்ணு வீட்டுல ஆடு கேப்பாங்க தம்பி, ஆடு இருக்கா?” என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவள் மைக்கில் எந்தக் கதாநாயகனும் இதுவரை செத்ததில்லை. குண்டு பாய்ந்து, பெட்டியில் வைத்து, மண் போட்டு மூடினாலும், “மயக்கம்தான், மயக்கம்தான். ரெண்டாம் பாகத்துல எந்திரிச்சு வருவான்” என்பாள். ஜனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

3

மொழி பற்றி ஒரு வார்த்தை. மந்திரி பேசியது இங்கிலீஷ். அதை நான் அரசாணைத் தமிழில் எழுதப் போகிறேன். அதன் சுவை அதுதான். நப்போசாவும் லுட்டாயாவும் டெடியும் பேசியது லுகாண்டா. அதை நம் வீட்டுப் பேச்சாக எழுதுகிறேன். இவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது.

இதை நப்போசாவிடம் சொன்னேன். அவள் என்னை ‘செங்கா’ என்பாள், அப்பாவின் தங்கை என்று பொருள். தமிழில் அத்தை. இந்த ஒரு சொல்லை மட்டும் சேதாரம் இல்லாமல் இந்தப் பக்கம் கொண்டுவர முடிந்தது.

“என்ன உங்க பாஷையில பேச வெக்கிறீங்களா அத்தே? நல்லாப் பேசறேனா?”

“பிரமாதமாப் பேசறே.”

“நான் சொன்னத மட்டும்தானே?”

“நீ சொல்லாதது கொஞ்சம் சேத்திருக்கேன். நீ சொன்னது கொஞ்சம் விட்டுட்டேன்.”

“அப்ப நீங்களும் வீஜேதான்” என்றாள். “உங்க மேல மட்டும் ஏன் யாரும் கோவிச்சுக்க மாட்டேங்கறாங்க?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன்.

4

இப்போது கூட்டம்.

நான் அங்கே போகவில்லை. போனவர்கள் மூவரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன்: நப்போசா, லுட்டாயா, டெடி. (டெடி என்பது இங்கே பெண்ணின் பெயர். லுட்டாயாவின் அக்கா மகள்.) லுட்டாயா இரண்டு முறை சாப்பிட்டதாகச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் பொருந்துகிறது. அவன் மூன்று முறை சாப்பிட்டானாம்.

மரப் பட்டறைகளுக்குப் பக்கத்து மைதானத்தில் வெள்ளைப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பந்தலின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு நீளும் துணிப் பதாகை: ‘படைப்புப் பொருளாதாரத்தில் புதுத் தொழில்களுக்கான அரசு ஆதரவு: கொள்கை முன்னுரிமைகள் குறித்த பொதுமக்கள் கருத்துக்கேட்பு.’ கருத்துக்கேட்பு என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அரசு பேசும், நாம் கேட்போம். வந்துபோன செலவுக்கு ஏதோ தருவார்கள், பிறகு மத்தோக்கே என்ற மசித்த வாழைக்காயும் வேர்க்கடலைக் குழம்பும்.

மந்திரியின் பெயர் அத்ரிக்கோ. துணை மந்திரி. நாட்டின் வடமேற்கிலிருந்து வந்தவர், அங்கே வேறு மொழி; லுகாண்டாவில் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். அமைச்சகத்தின் பெயரைச் சொல்லவில்லை. அது துணிப் பதாகையிலேயே இரண்டாவது வரிக்கு மடங்கியிருந்தது.

ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கொள்கையை எழுதிய ஆலோசகர் பதறிப்போய், “மைக்கில் பேசத் தெரிந்தவர் யாராவது உண்டா?” என்று கேட்டார். பந்தல் முழுவதும் ஒரே குரல்: “நப்போசா!”

இப்படித்தான் அந்த மைக் அவள் கைக்குப் போயிற்று. யாருடைய சதியும் இல்லை.

அத்ரிக்கோ: “நமது முதலாவது முன்னுரிமை, புதுத் தொழில்கள் தழைப்பதற்கு ஏதுவான சூழலமைப்பை உருவாக்குதல்.”

நப்போசா: “மொதல்ல, படம் ஓடறப்ப கரண்ட் போகாமப் பாத்துக்கறேங்கறாரு!”

கைதட்டல். அத்ரிக்கோ தாளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். சூழலமைப்புக்கு இதுவரை எந்த ஊரிலும் யாரும் கை தட்டியதில்லை.

அத்ரிக்கோ: “இரண்டாவது, திறன் மேம்பாடு.”

நப்போசா: “ரெண்டாவது, நமக்கு ஒண்ணும் தெரியாதாம். அதனால வகுப்பு வெப்பாங்களாம். வகுப்புன்னா சாப்பாடு உண்டு, கவலப்படாதீங்க!”

மறுபடி கைதட்டல். லுட்டாயா எழுந்து நின்றே தட்டினான்.

அத்ரிக்கோ: “மூன்றாவது, ஆதரவு மூலப் படைப்புகளுக்கு மட்டுமே. பிறர் படைப்பைத் தழுவும் முறைசாராச் செயல்பாடுகள் தகுதி பெறா. தகுதி பெறும் புதுத் தொழில்களுக்குப் பனிக்காலத்தில் வெப்பமூட்டப்பட்ட பணியிடம் வழங்கப்படும்.”

ஆலோசகர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார்.

நப்போசா: “அடுத்தவன் சரக்க எடுத்து விக்கறவங்களுக்கு ஒண்ணும் கிடையாதாம். சொந்தமாச் செய்யறவங்களுக்குக் குளிருக்குக் கணப்பு வெச்சுத் தராங்களாம்!”

“எந்தக் குளிரு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“இவங்க யாரு சரக்கப் பாத்து எழுதினாங்களோ, அந்த ஊருக் குளிரு!”

பந்தல் கவிழ்ந்துவிடும் போலச் சிரிப்பு. அத்ரிக்கோவும் சிரித்தார். தன் உரையில் நகைச்சுவை இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உற்சாகமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அத்ரிக்கோ: “நான்காவது, உட்கட்டமைப்பு. புதுத் தொழில்களுக்கான படைப்புப் பூங்கா இப்பகுதியிலேயே அமையும் என்பதை அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன். இடம் தேர்வாகிவிட்டது. மரப் பட்டறைகளின் பின்புறம் உள்ள முறைப்படுத்தப்படாத காட்சிக் கொட்டகைகள் அகற்றப்படும்.”

மைக்கில் நப்போசாவின் மூச்சு மட்டும் கேட்டது.

[இந்த இடத்தை நான் பலமுறை எழுதினேன். *அவள் கண்களில் நீர்* — இல்லை, டெடி பக்கத்தில் இருந்தாள், நீர் ஒன்றும் இல்லை என்றாள். *அவள் உள்ளத்தில் ஒரு புயல்* — இதை எழுதியதற்கு மன்னியுங்கள். பந்தலிலிருந்து பார்த்தால் அவள் கொட்டகையின் கூரை தெரியும். அதைப் பார்த்தாளாம். அவ்வளவுதான்.]

“என்ன சொல்றாரு, நப்போசா?” என்று லுட்டாயா கத்தினான்.

“இங்கேயே பூங்கா வருதாம்” என்றாள். பிறகு அவளுடைய கொட்டகைக் குரல் வந்தது. “நம்ம கொட்டகைதான் பூங்காவாம்! ஒண்ணயும் தொட மாட்டாங்களாம்! எல்லாக் கூரைக்கும் புதுத் தகரம் போட்டுத் தராங்களாம்!”

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு மேளம் அடித்தார்கள். செய்தி எடுக்க வந்த ரேடியோக்காரன் தன் ஒலிப்பதிவுக் கருவியை உயரத் தூக்கிப் பிடித்தான். அத்ரிக்கோ தாளைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. (இதை மூவருமே சொன்னார்கள்.)

அத்ரிக்கோ: “நீங்கள் இவ்வளவு மகிழ்வீர்கள் என்று தெரிந்திருந்தால், இதை எப்போதோ செய்திருப்போம்.”

நப்போசா: “நீங்க இவ்ளோ சந்தோஷப்படுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ செஞ்சிருப்போம்ங்கறாரு.”

அன்று அவள் செய்த ஒரே நேரான மொழிபெயர்ப்பு இது.

5

இதுவரை எழுதியதை லுகாண்டாவில் மாற்றி டெடிக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெடி ஒரு புதுத் தொழில் நடத்துகிறாள், அதாவது ஒரு ஆப். எந்தக் கொட்டகையில் என்ன படம் என்று போனில் பார்த்து இடம் பிடித்து வைக்கலாம். மந்திரியின் பட்டியலில் ‘நம்பிக்கையூட்டும் புதுத் தொழில்’ என்று இருப்பது அவளுடையது. பூங்கா வந்தால் அவளுக்கு அதில் ஒரு மேசை. பூங்கா வந்தால் கொட்டகை இருக்காது. கொட்டகை இல்லாவிட்டால் ஆப்பில் காட்ட ஒன்றும் இருக்காது. இதை அவள் ஆலோசகரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். “அது செயலாக்கக் கட்டத்தில் கவனிக்கப்படும்” என்றாராம்.

“ஏம்மா, பெஞ்சுல எப்படி எடம் புடிச்சு வெப்பே?” என்று லுட்டாயா கேட்பான்.

“‘தள்ளி உக்காருங்க’ன்னு மெசேஜ் போகும் மாமா.”

டெடி கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: “உங்க மந்திரிய நான் நம்ப மாட்டேன்.”

“யாருதான் நம்பறாங்க?”

“அது இல்ல. இத்தன வருஷமா கம்பாலாவுல இருக்காரு. லுகாண்டா தெரியாதா? மார்க்கெட்டுல மீன் வாங்கறப்ப சைகையா காட்டறாரு?”

அவள் சொல்வது சரி. எனக்கு இந்த மந்திரி மேல் சந்தேகம் உண்டு. ‘தகரம்’ என்பதற்கான லுகாண்டாச் சொல் தெரியாத மந்திரியை இந்த ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெரிந்தே சிரித்தாரா? கைதட்டல் வருகிறது, எதற்கென்று கேட்பானேன் என்று விட்டுவிட்டாரா? அப்படி எழுதினால் அவர் வில்லன் ஆகிவிடுவார், வேலை சுலபம். தெரியாது என்று எழுதினால் முட்டாள் ஆகிவிடுவார், அதுவும் சுலபம். முதல்முறையாகக் கைதட்டல் வாங்கிய ஒரு மனிதர், அவ்வளவுதான் என்று எழுதினால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

6

டெடி நப்போசாவின் கொட்டகைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வெளியே தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள் நப்போசா.

“என்னக்கா பண்ணி வெச்சிருக்கே?”

“என்ன பண்ணேன்? பாவம், எல்லாரும் புதுச் சட்ட போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொல்ல முடியுமா? கதாநாயகன் சாகற எடத்துல நான் என்னிக்காவது செத்துட்டான்னு சொல்லியிருக்கேனா?”

“அது படம்க்கா. முடிஞ்சா லைட்டப் போடுவாங்க. இது முடியாது.”

“எப்படியும் எல்லாருக்கும் தெரிஞ்சுரும். தெரிஞ்சா சத்தம் போடுவாங்க. சத்தம் போட்டா மந்திரி பயந்துருவாரு. நான் என்ன, நாலு நாள் சந்தோஷத்தக் கடனா குடுத்தேன்.”

டெடி போனை எடுத்தாள். கூட்டத்தில் என்ன நடந்தது என்று அமைச்சகம் எழுதி வெளியிட்டிருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள் ஒவ்வொரு சொல்லாக, எதுவும் சேர்க்காமல் சொன்னாள். நப்போசாவுக்கு இப்படி ஒரு மொழிபெயர்ப்பை யாரும் செய்து காட்டியதில்லை.

“‘கொட்டகைகளை அகற்றும் முடிவு அறிவிக்கப்பட்டதும், பாதிக்கப்படும் மக்கள் ஒருமனதாக எழுந்து நின்று, குலவையிட்டு, மேளம் அடித்து வரவேற்றனர். மறுப்பு: எவருமில்லை.’”

நப்போசா அந்தப் போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“நான்தான் வரவேற்க வெச்சேனா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“அவங்கவங்க கொட்டகைய இடிக்கறதுக்கு அவங்கவங்களயே கை தட்ட வெச்சேனா?”

“நல்லாத்தான் தட்டுனாங்க.”

“நீ ஏன்டி அங்கயே எந்திரிச்சுச் சொல்லல?”

டெடி போனைப் பைக்குள் போட்டாள். “எனக்கு மேசை தரேன்னாங்கக்கா” என்றாள்.

நப்போசா அவளைத் திட்டவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். போகும்போது, “இனிமே உள்ளத உள்ளபடி சொல்லுவேன். சத்தியம்” என்றாள்.

7

சொல்லத்தான் செய்தாள். அன்று கொட்டகை நிறைந்திருந்தது. படம் தொடங்குவதற்கு முன் மைக்கைப் பிடித்து, “எல்லாரும் கேளுங்க. மந்திரி தகரம் தரேன்னு சொல்லல. இடிக்கறேன்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்” என்றாள்.

கொட்டகை சிரித்தது.

“சிரிக்காதீங்க. நெசமாத்தான். நம்ம கொட்டகைய எல்லாம் இடிக்கப் போறாங்க.”

“யாரு, தண்ணி பில்லுக்காரனா?” என்று ஒருவன் கேட்க, இன்னும் பெரிய சிரிப்பு.

“ஐயோ, என் அப்பா மேல சத்தியமா—”

“உங்கப்பாவும் ரெண்டாம் பாகத்துல எந்திரிச்சு வருவாரு, நீ படத்தப் போடு நப்போசா!”

விசில். அவள் மைக்கைக் கீழே வைத்தாள். அன்று படம் அதன் சொந்த மொழியிலேயே ஓடியது. பாதியில் பலர் எழுந்து போய்விட்டார்கள்.

[இதோடு முடித்திருக்கலாம். ஒரு பத்திரிகை ஆசிரியராக இருந்தால் இங்கே வெட்டியிருப்பார். ஆனால் அடிக்கல் நாட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். நப்போசாதான் மொழிபெயர்க்க வேண்டும் என்று அத்ரிக்கோ சொல்லி அனுப்பியிருந்தார். கார் கூட அனுப்புவதாகச் சொன்னாராம். தன் கொட்டகை வாசலிலேயே நடக்கும் விழாவுக்குக் கார் எதற்கு என்று இவள் மறுத்துவிட்டாள்.]

8

விழாவுக்கு முந்தைய நாளே நான் முடிவுகளை எழுதி வைத்துவிட்டேன். வாழ்க்கையை நம்பி உட்கார்ந்திருந்தால் கதை எப்போது முடிவது?

முடிவு அ. மந்திரி மண்வெட்டியை ஓங்குகிறார். நப்போசா உண்மையைச் சொல்கிறாள். ஜனங்கள் அழுகிறார்கள். அவர் மண்வெட்டியைக் கீழே போடுகிறார். ‘மக்களே முன்னுரிமை’ என்கிறார்.

(டெடி: “இப்படி உருகிட்டாரே, கணப்ப அவருக்கா வெச்சாங்க?”)

முடிவு ஆ. கொட்டகைகள் போகின்றன. பூங்கா வருகிறது. கண்ணாடிச் சுவர், சுவரில் உண்மையிலேயே ஒரு கணப்பு. டெடிக்கு மேசை. அவள் ஆப்பைத் திறந்தால், ‘உங்கள் பகுதியில் காட்சிகள் இல்லை.’ திறப்பு விழாவில் ஆலோசகர், உள்ளூர்த் தன்மை போதவில்லை, அதற்காக ஒரு புதிய கொள்கை தேவைப்படுகிறது என்கிறார்.

(லுட்டாயா: “இதுதான் நடக்கும். எழுதாதீங்க.”)

முடிவு இ. நப்போசா அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆகிறாள். ஊர் ஊராகப் போகிறாள். நாடு முழுவதும் கொள்கைக்குக் கைதட்டல். எந்த ஊரில் எது இடிந்தாலும் குலவை.

(நப்போசா எழுந்து மைக் வயரைச் சுற்றத் தொடங்கினாள். இந்த மூன்றில் அவளைப் பயமுறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்கு அது நன்றாக வரும்.)

9

மூன்றும் பயனில்லாமல் போயிற்று. காலையில் லாரி வந்தது.

லாரி நிறைய நீலத் தகரம். இடிக்கப்போகும் இடத்தைச் சுற்றி வேலி அடைப்பதற்காக அமைச்சகம் அனுப்பியது. இந்த ஊரில் எங்கே கட்டடம் எழும்பினாலும் முதலில் தகர வேலிதான். டிரைவர் பின்கதவைத் திறந்தான். கொட்டகைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். என் ஜன்னலுக்குக் கேட்டது இது:

“வந்துருச்சு! தகரம் வந்துருச்சு!”

“யோவ், இது வேலிக்கு” என்றான் டிரைவர்.

“எந்த வேலி? கூரைக்குன்னு மந்திரியே சொல்லியிருக்காரு. ரேடியோவுல வந்துச்சு, நீ கேக்கல?” இது லுட்டாயா.

“எனக்கென்னப்பா, எறக்கச் சொன்னாங்க. எறக்கிக்கோ.”

ந்தேபா மரப் பட்டறை ஊர். ஏணி, ஆணி, சுத்தியல், தச்சன், எதற்கும் தெருவைத் தாண்ட வேண்டாம். இப்படி ஒரு ஊரில் கூரை போட எவ்வளவு நேரமாகும்? லுட்டாயாவின் அடுப்பில் மாவு தீர்வதற்குள் சுத்தியல் சத்தம் ஓய்ந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தேன். கொட்டகை வரிசை முழுவதும் நீலமாக மின்னியது. நப்போசா தன் கொட்டகை வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். டெடி அவள் கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தாளா, இழுத்துக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை.

“சத்தியம் பண்ணியிருக்கேக்கா.”

“தெரியும்டி.”

“வேலிக்கு வந்ததுன்னு சொல்லிரு. எறக்கிருவாங்க.”

“நான் சொன்னா சிரிப்பாங்க.”

அப்போது புல்டோசர் திருப்பத்தில் வந்தது. பின்னால் அத்ரிக்கோவின் கார், அதன் பின்னால் ரேடியோக்காரன், கேமராக்காரர்கள். கார்க் கதவு திறந்தது. அவர் ஒரு காலைத் தரையில் வைத்தார், கூரைகளைப் பார்த்தார், இரண்டாவது காலை வைக்க மறந்து நின்றார்.

பெண்கள் மண்டியிட்டு நன்றி சொன்னார்கள். இங்கே பெரியவர்களுக்கு அப்படித்தான் சொல்வது. லுட்டாயா ஒரு சேவலைக் கொண்டுவந்து அவர் கைகளில் கொடுத்தான். தகரம் தந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது இந்த ஊரில் அவமானம். கேமராக்கள் மின்னின. அடிக்கல் நாட்ட வந்த மந்திரி, கக்கத்தில் சேவலோடு, தன் வேலி ஏறி உட்கார்ந்திருந்த கூரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பேசுங்க ஐயா, பேசுங்க!”

யாரோ நப்போசாவின் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அத்ரிக்கோ ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தன் காலணியைப் பார்த்தார். அத்ரிக்கோ சேவலைப் பார்த்தார். பிறகு குனிந்து, நப்போசாவைப் பார்த்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

10

அது எனக்குக் கேட்கவில்லை.

நான் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது. காதால் எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கண்ணுக்கு வாயசைப்பு மட்டும் தெரிந்தது. நீளமான வாக்கியம் இல்லை. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சொல்லி முடித்ததும் சேவலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது அவரைக் கொத்தவில்லை.

[நான் இதை இட்டு நிரப்பலாம். இவ்வளவு தூரம் நிரப்பிக்கொண்டுதானே வந்தேன்! *‘இடியுங்கள்’ என்றார்* — எழுதிப் பார்த்தேன். *‘இருக்கட்டும்’ என்றார்* — எழுதிப் பார்த்தேன். இரண்டும் அந்த வாயசைப்புக்குப் பொருந்துகின்றன. *‘நீயே ஏதாவது சொல்லிவிடு’* — இதுதான் எல்லாவற்றையும்விடக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனாலேயே அதை நம்பவில்லை.]

புல்டோசர் ஓட்டியவன் அதை நிறுத்தினான். சத்தம் அடங்கியது. டெடி நப்போசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா, இல்லை என்றா என்று இங்கிருந்து தெரியவில்லை. ரேடியோக்காரன் கருவியை உயர்த்தினான். மந்திரி சொன்னது ஒருவருக்குத்தான் தெரியும். இனி அவள் சொல்வதுதான் எல்லோருக்கும் தெரியப்போவது.

நப்போசா மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனாள். மூச்சு கேட்டது.

இத்தனை நேரம் என் குரலில் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது; இந்தாருங்கள் மைக், இனி நீங்கள்தான் நப்போசா. கூரை பளபளக்கிறது. புல்டோசரின் சாவி இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. சத்தியம் செய்தவள் நீங்கள். அந்தக் கூட்டத்தைக் கை தட்ட வைத்தவளும் நீங்கள்.

லுட்டாயா இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, உங்களைப் பார்த்துக் கத்துகிறான்:

“என்ன சொல்றாரு?”